ஜூன் மாத வெயில் கணக்கு

“சார், ஜூன் மாசம் வட துருவத்துல சூரியன் மறையவே மறையாதுன்னு போன வாரம் சொன்னீங்க. அப்ப அந்த ஒரு மாசமாவது அங்கதானே வெயில் அதிகம்?”

கையில் டார்ச்சோடு நின்றிருந்தேன். பூமி உருண்டையின் நடுவில் ஒளி வட்டமாக விழுவதையும், மேலே நகர்த்தினால் அதே ஒளி நீளமாக இழுபட்டு மங்குவதையும் அப்போதுதான் காட்டி முடித்திருந்தேன். “இவ்வளவு நேரம் என்னப்பா பார்த்த? சாய்வா விழுற வெயில் எத்தனை மணி நேரம் அடிச்சா என்ன? உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அன்று இரவு சும்மா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் 21 அன்று துருவத்தில் சூரியன் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை; 23.5 டிகிரி உயரத்திலேயே நாள் முழுக்கச் சுற்றிவருகிறது. அந்தச் சாய்வில் உச்சி வெயிலில் 0.4 பங்குதான் கிடைக்கும். ஆனால் 24 மணி நேரமும் கிடைக்கும். பெருக்கினால் 9.6. நிலநடுக்கோட்டில் பகல் 12 மணி நேரம். காலை, மாலைச் சாய்வையும், அன்று சூரியன் வடக்கே ஒதுங்கியிருப்பதையும் கழித்துவிட்டால் ஏறக்குறைய 7 மணி நேர உச்சி வெயில்தான் தேறுகிறது. காற்றுமண்டலத்தின் மேல்விளிம்பில் வந்து விழும் வெயிலுக்கான கணக்கு இது. இரண்டு தடவை சரிபார்த்தேன். பையன் கேட்டது சரிதான்.

ஆனாலும் நான் நடத்திய பாடம் தப்பில்லை. ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நிலநடுக்கோட்டுக்குக் கிடைப்பதில் பாதிகூடத் துருவத்துக்குக் கிடைக்காது. அங்கே அரை வருடம் இருட்டு. தேர்விலும் ‘சாய்ந்த கதிர்கள்’ என்று எழுதினால்தான் மதிப்பெண். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டார்ச் ஒரு நொடியைத்தான் காட்டும். அவன் கேட்டது ஒரு முழு நாளை.

அவனை இன்னும் ஒரு நிமிடம் நிற்க வைத்திருந்தால், ‘அவ்வளவு வெயில் விழுந்தும் ஏன் குளிருது?’ என்று கேட்டிருக்கலாம். பாடமே அங்கேதான் இருக்கிறது. புதிதாக விழுந்த பனி, வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சும் வெப்பத்தில் பெரும்பகுதி பனியை உருக்கவே செலவாகிறது. அதனால் கோடை உச்சியிலும் ஆர்க்டிக் பனிக்கடலின் மேல் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். தென் துருவம் இன்னும் விசித்திரம். அதன் கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அங்கே வெயில் இன்னும் கூடுதல். அப்படியும் அங்கே சாதனை வெப்பம் 2011 டிசம்பர் 25 அன்று பதிவான மைனஸ் 12.3 டிகிரிதான். 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வேன். நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் கீட்டோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே வருடம் முழுக்க மிதமான குளிர்ச்சி, அவ்வளவே. ஆக, உயரம் மட்டும் காரணமில்லை.

மறுநாள் அவனிடம் சொல்லியிருக்கலாம். மறுநாள் பருவக்காற்றுப் பாடம். அதற்கடுத்த நாள் வேறு ஏதோ. அப்புறம் அவன் கேள்வியே கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டிலிருந்து டார்ச்சை அணைத்த கையோடு அந்தக் கேள்வியை நானே கேட்கிறேன். 9.6, 7 என்று பலகையில் எழுதும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். யோசித்தது நான்தான் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்; நானும் மறுப்பதில்லை. ‘முன்னாடி ஒரு பையன் கேட்டான்’ என்று ஆரம்பிக்கலாம்தான். ஆனால் உடனே யாராவது, ‘நீங்க என்ன சார் சொன்னீங்க?’ என்பார்கள்.