மெங் ஜியாங் எப்போது அழுதாள்? – தொகுப்பு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் கலைக்களஞ்சியத்தில் சீனக் கதைகள் பற்றி இருக்கிற கட்டுரைகளை இன்று ஒரு தடவை முழுதாகப் பார்த்தேன். எல்லாமே 'சீனப் புராணங்கள்' என்ற ஒரே பகுப்பில் கிடக்கின்றன. அண்ட முட்டைக்குள்ளிருந்து பிறந்த பான்கு, 16ஆம் நூற்றாண்டு நாவலின் நாயகனான குரங்கரசன் சுன் வுகோங், பெருஞ்சுவரை அழுதே இடித்த மெங் ஜியாங், எல்லாரும் ஒரே வரிசையில். புராணம் என்றால் நம் வாசகருக்குக் கந்தபுராணம்தான் நினைவுக்கு வரும். மெங் ஜியாங்கோ பாட்டிலும் நாடகத்திலும் ஊர் ஊராகப் போனவள், அவளுக்கென்று ஒரு மூல ஏடு கிடையாது. 'சீன நாட்டார் கதைகள்' என்று தனிப் பகுப்பு போடலாமா என்று கூடத் தொகுக்கும் அக்காவிடம் கேட்டேன். "பிரிங்க, ஆனா எதை எதனால எங்க வெச்சீங்கன்னு எழுதிட்டுப் பிரிங்க" என்றார். அதுவும் சரிதான், அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

ஆகஸ்ட் 14

மெங் ஜியாங் கட்டுரையிலேயே நாள் முழுக்கப் போனது. முதல் வரியில் 'கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண்' என்று இருந்தது. அப்படி எழுதவே கூடாது. இந்தக் கதையின் பழைய வேர் சுவோ சுவான் என்ற வரலாற்று நூலில் கி.மு. 550ஆம் ஆண்டு நிகழ்வாக வருகிறது: பழைய சீனத்தில் சி என்ற நாட்டின் வீரன் ஒருவன் போரில் இறந்துபோகிறான், திரும்பி வரும் வழியில் அரசன் அவன் மனைவியைப் பார்த்து அங்கேயே துக்கம் விசாரிக்கப் பார்க்கிறான், அவள் 'வெளியிடத்தில் துக்கம் ஏற்க மாட்டேன், எங்களுக்கு வீடு இருக்கிறது' என்று மறுத்துவிடுகிறாள், அரசன் வீட்டுக்கே போய்த் துக்கம் கேட்கிறான். அவ்வளவுதான். சுவரும் இல்லை, அழுகையும் இல்லை, அவளுக்குப் பெயர்கூட இல்லை. அழுகை பிறகு வந்து சேர்கிறது. ஹான் அரசமரபுக் காலத்தில், கி.மு. 1ஆம் நூற்றாண்டில், அறிஞர் லியூ சியாங் எழுதும்போது பத்து நாள் அழுகிறாள், நகர மதில் இடிந்து விழுகிறது. தாங் அரசமரபுக் காலத்துக்கு (கி.பி. 7–10ஆம் நூற்றாண்டு) வந்தால் அந்த மதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சின் பேரரசனின் பெருஞ்சுவராகிவிடுகிறது. முறைமை தவறாமல் நின்ற ஒரு விதவை, ஆயிரம் ஆண்டுக்கு மேல் சொல்லிச் சொல்லி, பேரரசனை எதிர்த்து நிற்கிறவளாக மாறியிருக்கிறாள்.

இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டியவர் வரலாற்றறிஞர் கு ஜியேகாங். 1924இல், பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்பாடல் சேகரித்த இயக்கத்தின் வார இதழில் எழுதினார். அவர் வழியிலேயே கட்டுரையையும் அமைத்துவிட்டேன்: 'கதைச் சுருக்கம்' என்ற தலைப்பையே எடுத்துவிட்டு, எந்தக் காலத்தில் எப்படிச் சொன்னார்கள் என்று வரிசையாக. படிக்கச் சற்று கடினம்தான், ஆனால் ஒன்றை மட்டும் 'உண்மையான கதை' என்று நாமாகப் பொறுக்கி வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 19

யே சியான். மீன் எலும்பிடம் வேண்டிப் பொற்காலணி பெறும் பெண். 'சீன சின்ட்ரெல்லா' என்று தலைப்பு வைத்திருந்தார்கள், மாற்றினேன், பழைய பெயரில் தேடுகிறவர்களும் இங்கே வந்து சேரும்படி அது வழிமாற்றாக இருக்கட்டும். பெரோவின் பிரெஞ்சு சின்ட்ரெல்லா கதை 1697இல்தான் அச்சானது. சீன எழுத்தாளர் துவான் செங்ஷி யே சியான் கதையை எழுதியது 9ஆம் நூற்றாண்டில். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன்னிடம் வேலை பார்த்த லி ஷியுவான் சொன்ன கதை இது என்றும், அவர் யோங்சோ பக்கத்து மலைவாசி என்றும் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார். கதை சொன்னவர் பெயரைப் பதிவு செய்யாத தொகுப்புகள் இன்றைக்கும் வருகின்றன!

யோங்சோ என்பது இன்றைய குவாங்சியின் நான்னிங். சுவாங் மக்கள் வாழும் பகுதி என்பதால் இதைச் சுவாங் கதை என்றும் சொல்கிறார்கள். சீனாவில் அரசு ஏற்ற இனங்களே 56. கெசர் காப்பியம் திபெத்தியருடையது, மங்கோலியரிடமும் உண்டு. மானாஸ் காப்பியம் கிர்கிசியருடையது. இவற்றையெல்லாம் 'சீனக் கதை' என்று ஒரே சொல்லில் அடைத்தால் சொன்னவர்கள் காணாமல் போகிறார்கள். இனிமேல் யார் சொன்னது, எந்த ஊர், எந்த மொழி என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும்.

ஆகஸ்ட் 23

சுன் வுகோங் கட்டுரையில் 'அனுமனின் சீன வடிவம்' என்று உறுதியாக எழுதியிருந்தார்கள். 1923இல் அறிஞர் ஹு ஷி அப்படிக் கருதினார், எழுத்தாளர் லூ சுன் ஒப்பவில்லை, ஹுவாய் ஆற்றுக் குரங்கு வடிவப் பூதமான வுசிச்சியைக் காட்டினார். இரண்டையும் போட்டுவிட்டேன். நமக்குப் பிடித்த பக்கம் என்பதற்காக முதல் வரியில் ஏற்றக்கூடாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள், வானில் பிரிந்திருக்கும் காதலர்களான மாடு மேய்ப்பவனும் நெசவுப் பெண்ணும் ஆண்டுக்கு ஒரு முறை சந்திக்கும் நாள். கட்டுரையை நேற்றே முடித்திருந்தேன்; ஷி ஜிங் என்ற பழம் பாடல் தொகுப்பில் இரண்டும் வெறும் விண்மீன்கள், காதல் பிறகுதான் வருகிறது என்பதில் தொடங்கி. இதே கதையை ஒட்டிய ஜப்பானின் தனபாத்தா விழாவுக்குத் தனிக் கட்டுரை.

இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போனேன். மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் பிறை, வடக்கே நெசவுப் பெண், தலைக்கு நேர் மேலே மாடு மேய்ப்பவன். அவனுக்கு இரண்டு பக்கமும் மங்கலாக ஒவ்வொரு விண்மீன், அவை அவன் பிள்ளைகளாம், காவடி மாதிரி ஒரு கம்பின் இரண்டு முனையிலும் கூடை கட்டி, அதில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி ஓடுகிறான். நம் திருவோணமும் இந்த மூன்று விண்மீன்களேதான், முக்கோல் என்று பழைய பெயர். கீழே வந்து கட்டுரையில் அதை ஒரு வரியாகச் சேர்த்தேன், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எதுவும் எழுதவில்லை.