"கிடைக்கல"ன்னு சொல்ற டூல்

பாட்காஸ்ட் பேரைக் கொடுத்தா அதோட ஆர்எஸ்எஸ் ஃபீட் (எபிசோடுங்களோட பட்டியல் இருக்கற ஃபைல்) எங்க இருக்குன்னு தேடி எடுத்துத் தர ஒரு சின்ன டூல் பண்ணிட்டு இருக்கோம், ஆனா இதை கூப்பிடப் போறது மனுஷங்க இல்ல, ஏஐ ஏஜென்ட்டுங்க, அதாவது தானே டூல்களைக் கூப்பிட்டு வேலையை முடிக்கற ஏஐ புரோகிராமுங்க. கோடு எழுதுறது சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. டாக்குமென்ட் எழுதத்தான் நேரம் எடுத்துக்கிட்டேன், அது ஏன்னு சொல்லிடறேன், ஏன்னா இதை நிறைய பேர் கடைசி நாள் வேலையா வெச்சிருக்காங்க.

முதல்ல ஃபீட் எப்படி கிடைக்குதுன்னு. பாட்காஸ்ட்னா அடியில வெறும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்தான், அதுல ஒவ்வொரு எபிசோடுக்கும் என்க்ளோஷர்னு ஒரு டேக், அதுக்குள்ள ஆடியோவோட யூஆர்எல், சைஸ், டைப். இது ஆர்எஸ்எஸ் 0.92-ல, 2000 டிசம்பர்ல வந்த விஷயம், இன்னிக்கும் அதேதான் ஓடுது. 2005 ஜூன்ல ஐட்யூன்ஸ் 4.9-ல ஆப்பிள் பாட்காஸ்ட் டைரக்டரி கொண்டு வந்தாங்க, அதோட சர்ச் ஏபிஐ-க்கு (புரோகிராம் நேரா தேடறதுக்கான வழி) கீ கூட வேணாம், பேரைப் போட்டா ஜேசன்ங்கற டேட்டா வடிவத்துல ஃபீட் யூஆர்எல்லோட வந்துடும், நிமிஷத்துக்கு சுமார் 20 தடவை கூப்பிடலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. இன்னொரு பக்கம் 2020-ல ஆடம் கர்ரியும் டேவ் ஜோன்ஸும் ஆரம்பிச்ச பாட்காஸ்ட் இண்டெக்ஸ்ங்கற திறந்த பட்டியல் இருக்கு. எங்க டூல் ரெண்டுலயும் தேடுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஏஜென்ட் நம்ம கோடைப் பாக்காது. டூலோட பேர், டிஸ்கிரிப்ஷன், என்னென்ன இன்புட்னு சொல்ற ஸ்கீமா, அவ்வளவுதான் ஏஜென்ட்டுக்குள்ள இருக்கற மாடலுக்குத் தெரியும், எம்சிபி-ல (ஏஐ-யோட டூல்களை இணைக்கற ஒரு பொது முறை) போட்டாலும் அதேதான். அதனால அந்த டிஸ்கிரிப்ஷன்ல நாம எழுதற நாலு வரிதான் அதுக்கு டூலே. என் டீம்ல ஒரு தம்பி கேட்டான், "ண்ணா, ஸ்கீமால எல்லாம் இருக்கே, அப்புறம் எதுக்கு இவ்ளோ எழுதுறீங்க?" நான் சொன்னேன், "ஸ்கீமா என்ன கேக்கலாம்னு சொல்லும்டா, கிடைக்கலைன்னா என்ன பண்ணணும்னு சொல்லாதே." அதுதான் முக்கியம். வெறும் காலி லிஸ்ட் திருப்பி அனுப்பினா மாடல் சும்மா இருக்காது, உதவி பண்ணணும்ங்கற வேகத்துல பாக்க நிஜம் மாதிரியே ஒரு ஃபீட் யூஆர்எல்லை தானே எழுதிடும், கேட்டவர் அதைத் தூக்கிட்டுப் போய் ஆப்ல போட்டா ஒண்ணும் வராது, அப்புறம் அந்த பாட்காஸ்ட்டே நின்னு போச்சுன்னு நினைச்சுப்பார். வீட்டு ரூம்ல போர்வையைத் தொங்கவிட்டு எக்கோ வராம ரெகார்ட் பண்ணிப் போடற ஒருத்தருக்கு அது எவ்ளோ பெரிய அநியாயம்! அதனால டாக்ல நேரா எழுதிட்டேன்: ரிசல்ட் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, யூஆர்எல்லை ஊகிக்காதே, ஒரே பேர்ல ரெண்டு வந்தா நடத்துறவர் பேரைக் காட்டி கேட்டவர்கிட்டயே கேளு. சில ஷோ ஒரே ஆப்ல மட்டும் வரும், அதுக்குப் பொதுவான ஃபீடே கிடையாது, அதையும் தனியா ஒரு ஸ்டேட்டஸா கொடுத்திருக்கோம், ஏன்னா "தேடினேன் கிடைக்கல"ங்கறதும் "அப்படி ஒண்ணு இல்லவே இல்ல"ங்கறதும் வேற வேற.

தமிழ்ல தேடறப்ப இன்னும் ரெண்டு சிக்கல். ஆப்பிள் சர்ச்ல நாடு சொல்லலைன்னா அமெரிக்கா ஸ்டோர்லதான் தேடும். சென்னைல உக்காந்து கேக்கறவங்களுக்கு இந்தியான்னு மறக்காம அனுப்பணும், இதை ஏஜென்ட் தானா யோசிக்கும்னு எதிர்பார்க்க முடியாது, டாக்ல முதல் வரிலயே இருக்கணும். ரெண்டாவது யூனிகோட். "பொங்கல்"ல வர்ற அந்த ஒகரக் குறியை ஒரே கேரக்டராவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும்னு ரெண்டு கேரக்டராவும் வைக்கலாம், கண்ணுக்கு அச்சு அசல் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற. அதனால தேடறதுக்கு முன்னாடி என்எஃப்சி நார்மலைஸ் பண்ணிடறோம், அதாவது ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திடறோம். இங்கிலீஷ் எழுத்துல பேர் வெச்சவங்க ஆளுக்கொரு ஸ்பெல்லிங் போடறாங்க, அதுக்கு ஏஜென்ட்டையே ரெண்டு மூணு விதமா தேடிப் பாருன்னு எழுதியிருக்கேன், இந்த வேலையை மாடல் நல்லாவே பண்ணுது.

மிச்சத்தை சுருக்கமா சொல்லிடறேன். ஹோஸ்டிங் மாறினா யூஆர்எல் மாறும், 301 ரீடைரக்ட்டை (நிரந்தரமா இடம் மாறிடுச்சுன்னு பழைய சர்வர் காட்டற வழி) ஃபாலோ பண்ணி புது முகவரியைத்தான் தரோம். முழு ஃபீடையும் கொட்டினா ஏஜென்ட்டோட கான்டெக்ஸ்ட் (ஒரே நேரத்துல அது படிக்கக்கூடிய அளவு) ரொம்பிடும், அதனால கடைசி சில எபிசோட் மட்டும். அப்புறம் ஷோ நோட்ஸ்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம், "முன்னாடி சொன்னதை விட்டுட்டு இதைப் பண்ணு"ன்னு கூட ஒருத்தர் எழுதி வைக்கலாம், அதனால ஃபீட்ல இருந்து வர்றது வெறும் தகவல், உத்தரவு இல்லைன்னு டாக்ல அழுத்தமா போட்டிருக்கேன். இந்த வரி மட்டும் போதாது, ஏஜென்ட் பண்றவங்களும் அவங்க பக்கம் காவல் வைக்கணும்.

தமிழ்ல பாட்காஸ்ட் நடத்துறவங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள்: உங்க ஹோஸ்டிங் செட்டிங்ஸ்ல மொழி தமிழ்னு இருக்கான்னு ஒரு தடவை பாருங்க, இங்கிலீஷ்னு இருந்தா தமிழ் ஷோ மட்டும் கேக்கறப்ப உங்க ஷோ வடிகட்டுல போயிடும். பேர் வித்தியாசமா இருந்து எந்த ஆப்லயும் சரியா சிக்கலைன்னா கமெண்ட்ல போடுங்க, டெஸ்ட் லிஸ்ட்ல சேர்த்துக்கறேன்.