கையெழுத்துக்கு முன் 22 பக்கங்கள்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழத் தொடங்கி 11 ஆண்டுகள் கழிந்த நிலையில், புதிய மருந்து ஒன்றுக்கான ஆய்வில் சேர விருப்பமா என்று என் மருத்துவர் கேட்டார். நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளுக்கு, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இடுப்பில் போடும் ஊசி ஈடாகுமா என்று அறிவதற்கான ஆய்வு அது. அவர் தந்த ஒப்புதல் படிவம் 22 பக்கங்கள் இருந்தது. "வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படியுங்கள்" என்றார். அங்கேயே கையெழுத்துக் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன்.

என் தொற்றைப் பற்றி அறிந்த ஒரே நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துவிட்டு உனக்கு என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்ப்பார்களே" என்று பதறினார். அந்தப் பதற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1986ஆம் ஆண்டில், எச்.ஐ.வி.க்கு எதிரான ஏ.இசட்.டி. என்ற மருந்துக்கு அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 282 பேர் பங்கேற்றனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில், தரவுகளைத் தனியே கண்காணித்து வந்த குழு கணக்கெடுத்தபோது, மருந்தற்ற பிரிவில் 19 பேரும் மருந்து பெற்ற பிரிவில் ஒருவரும் இறந்திருந்தனர். ஆய்வு உடனே நிறுத்தப்பட்டு, எஞ்சியவர்களுக்கும் மருந்து வழங்கப்பட்டது. அன்று வேறு சிகிச்சையே இருக்கவில்லை. இன்று நல்ல மருந்துகள் இருக்கும்போது, தொற்றுள்ள ஒருவரை வெறும் மாத்திரையோடு விட்டுவைக்க எந்த நெறிமுறைக் குழுவும் இசையாது. என் படிவத்திலும் இரு பிரிவினருக்கும் உண்மையான மருந்துதான். ஒரு பிரிவுக்கு ஊசி, மறு பிரிவுக்கு மாத்திரை, அவ்வளவே.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மருத்துவர் என் நலனைப் பார்க்கிறார்; ஆய்வோ ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வழியில் சென்றாலும், இரண்டும் ஒன்றல்ல. 2002இல் தொடங்கிய ஸ்மார்ட் ஆய்வை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 350க்கு மேல் இருக்கும்போது மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கும்போது மீண்டும் தொடங்கினால், பக்கவிளைவுகளிலிருந்து உடலுக்குச் சற்று ஓய்வு கிடைக்குமே என்ற எண்ணம் அக்காலத்தில் மிகவும் நியாயமாகவே தோன்றியது. 33 நாடுகளில் 5,472 பேரிடம் சோதித்தபோது, மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கே நோயும் மரணமும் மிகுதியாக நேர்ந்தன. பக்கவிளைவு என்று கருதப்பட்ட இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் அவர்களிடமே கூடுதலாக இருந்தன. 2006 ஜனவரியில் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது. இன்று என்னிடம் "ஒரு நாளும் விடாதீர்கள்" என்று எவரேனும் உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்கான விலையில் ஒரு பங்கை, நான் பெயரறியாத அந்த மனிதர்கள் தங்கள் உடலால் கொடுத்திருக்கிறார்கள்.

படிவத்தின் 14ஆம் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு வராது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கு இரண்டு பத்திகள் கீழே, சிறிய எழுத்தில், கடைசி ஊசிக்குப் பிறகும் மருந்து ஓராண்டோ அதற்கு மேலோ உடலில் தங்கக்கூடும் என்றும் இருந்தது. ஆய்விலிருந்து நான் விலகிவிடலாம். மருந்து என்னிடமிருந்து அவ்வளவு எளிதில் விலகாது. வைரஸை அடக்கப் போதாத அளவில் அது தங்கியிருக்கையில் வேறு மருந்தும் எடுக்காவிட்டால், அம்மருந்தை எதிர்த்து நிற்க வைரஸ் பழகிவிடக்கூடும். பிறகு அதே வகையைச் சேர்ந்த மற்ற மருந்துகளும் பயனற்றுப் போகலாம். ஆகவே விலகுபவர், அடுத்த ஊசிக்குரிய நாளிலேயே மாத்திரைகளைத் தொடங்கியாக வேண்டும். அந்த மாத்திரைகளை யார் தருவார்கள், ஆய்வு முடிந்தபின் ஊசி தொடர்ந்து கிடைக்குமா, ஊசியால் எனக்குக் கேடு நேர்ந்தால் செலவு யாருடையது என்று மூன்று கேள்விகளைப் படிவத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு போனேன். முதலுக்கும் மூன்றாவதுக்கும் உரிய பத்திகளைச் செவிலியர் விரல் வைத்துக் காட்டினார். இரண்டாவதுக்கு மருத்துவர், "இப்போது என்னால் உறுதி தர முடியாது" என்றார். இனிப்பான பதிலைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

கணினிக் குலுக்கலில் எனக்கு விழுந்தது மாத்திரைப் பிரிவு. அத்தனை பக்கங்களைப் படித்து, அத்தனை நாள் ஊசியைப் பற்றியே கவலைப்பட்டவனுக்கு, பழைய மாத்திரையே! ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒப்பிடுவதற்கு மாத்திரைப் பிரிவினரான நாங்கள் இல்லையென்றால் ஊசியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று செவிலியர் எடுத்துச் சொன்னபின்னும் அந்த ஏமாற்றம் சில வாரங்கள் நீடித்தது.

ஒவ்வொரு முறை செல்லும்போதும் மாத்திரைப் புட்டியைத் திருப்பித் தர வேண்டும். செவிலியர் மிச்சத்தைத் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ணுவார். மூன்றாம் முறை இரண்டு மாத்திரைகள் கூடுதலாக இருந்தன. வழியிலேயே அவற்றை எறிந்துவிடலாமா என்று எண்ணியதை நானே ஒப்புக்கொண்டேன். "பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள், பிறகு எங்கள் கணக்கே பொய்யாகிவிடுகிறது" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். எந்த இரண்டு நாள்கள் என்று கேட்டு, தேதிகளை எழுதிக்கொண்டு, அடுத்த புட்டியை நீட்டினார்.