குதிக்கால் இரத்தப் பரிசோதனை: முடிவு கைக்கு வரும்வரை விடாதீர்கள்

வெள்ளவத்தையில் எங்களைச் சுற்றிக் கைப்பிள்ளைக்காரர் நிறைய. பிள்ளைக்குத் தைரொயிட் (கழுத்துச் சுரப்பி) குறைபாடு இருக்கா என்று பார்க்கும் பரிசோதனை செய்தாச்சா என்று கேட்டால், “ஓம், குதியில குத்தி எடுத்தவை” என்பார்கள். முடிவு என்ன என்றால், ஒருவரும் கூப்பிடவில்லை, அப்போ பிரச்சினை இல்லைத்தானே என்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே பதறும். ஏனென்றால் என் மகளிடம் எடுத்த முதல் மாதிரியை ஆய்வுகூடம் ஏற்கவே இல்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்டபோதுதான் தெரிந்தது.

இரத்தம் போதாததால், இரத்தத்தை உறிஞ்சும் தாள் அட்டையில் ஒரே வட்டத்துக்குள் சொட்டுக்கு மேல் சொட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் அளவு பிழையாக வரும். இரண்டாம் முறை எடுத்த மிஸ்ஸி (தாதி) அவசரப்படவே இல்லை. குதியை இளஞ்சூடாக்கி, நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டால் வட்டத்தை ஒரே தடவையில் நிரப்பினார். வட்டத்தில் விரல் படவில்லை. அட்டையைத் தட்டையாக வைத்து, வெயிலோ சூடோ இல்லாமல் காயவிட்டார்.

நேரமும் முக்கியம். பிறந்தவுடன் டீ.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன், இதைத்தான் அளக்கிறார்கள்) இயல்பாகவே ஏறி, பிறகு இறங்கும், அதனால் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் கூடுதலாகக் காட்டலாம். அதற்கு முன்பே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினால், எப்போது, எங்கே எடுப்பது என்று கேட்காமல் வாசல் தாண்டாதீர்கள்.

“பிள்ளை நல்லாத்தானே இருக்கு, ஏன் பிள்ளை திரும்பவும் குத்துறீங்கள்?” என்று மாமி கண் கலங்கினார். பாவம், அவர் கேட்டதில் பிழை இல்லை. தாயின் தைரொயிட் ஹோர்மோன் கொஞ்சம் பிள்ளைக்குப் போயிருப்பதால், தைரொயிட் குறைபாடுள்ள பிள்ளையும் பிறந்தபோது நன்றாகத்தான் தெரியும். அடையாளம் தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுவிடும், முதல் இரண்டு வாரங்களுக்குள் தைரொக்சின் என்ற ஹோர்மோன் மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். இதைச் சொன்னதும் மாமியே மகளை மடியில் வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வந்து பெற்று, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுப்பது சொந்தக்காரர் வீட்டு விலாசம், தாயின் போன் பெரும்பாலும் நிறுத்தியே இருக்கும். எப்போதும் எடுக்கும் ஒருவரின் நம்பரைக் கொடுங்கள், சிங்களத்தில் அழைத்தாலும் விளங்கிப் பதில் சொல்லக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது. ஊரிலுள்ள குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லி, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் முடிவைக் குறித்து வாங்குங்கள்.

அப்புறம், பிறந்த பிள்ளைக்குச் செய்யும் காது கேட்கும் சோதனை. மகளின் இடது காது முதல் சோதனையில் தேறவில்லை. காதுக்குள் பிறப்பின் மெழுகு, திரவம் இருந்தாலும், பிள்ளை அழுதாலும் அப்படி வரும், பயப்படாதீர்கள். ஆனால் மறுசோதனைக்கு வரச்சொன்ன நாளை மட்டும் தவறவிடாதீர்கள். பால் கொடுத்து, தூங்க வைத்துக் கொண்டுபோனோம், இரண்டு காதும் தேறின.