முப்பத்தோரு அட்டைகளும் ஒரு மயிலும்

"இது ரசீது. நான் கேட்டது உரிமம்" என்றார் போர்ட் லூயிஸ் அச்சகக்காரர். பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்து அட்டைகளின் கோப்பை அனுப்பிவிட்டு, அச்சு எப்போது தொடங்கும் என்று கேட்கத் தொலைபேசியில் அழைத்திருந்தேன். அட்டைகளில் உள்ள படங்களைப் பணம் கொடுத்துத்தானே வாங்கினேன், இன்னும் என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அன்று அவர் கேட்காமல் விட்டிருந்தால், எனக்கு உரிமை இல்லாத பொருளை 300 பெட்டிகளில் அடைத்து விற்றிருப்பேன். அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு கோயிலில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் வீட்டில் கிரியோல் மொழி பேசுகிறார்கள். பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வகுப்பை விட்டால் தமிழ் எழுத்தை அவர்கள் பார்ப்பது கோயில் சுவரிலும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலும்தான். தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த எழுத்து அட்டைகளில் ஏற்றமும் ஓலைச்சுவடியும் இருந்தன. அவற்றை விளக்குவதிலேயே நேரம் போனது. க என்றால் கரும்பு, அ என்றால் அன்னாசி என்று எங்கள் தீவின் பொருள்களோடு ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ட-வில் தொடங்கும் சொல் கிடைக்காமல் எல்லோரும் பட்டம், வட்டம் என்று சமாளிக்கிறார்கள். எங்களுக்கு டோடோ இருக்கிறது, இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறவை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 அட்டைகள். பெட்டி 250 ரூபாய். சித்திரைப் புத்தாண்டுக்கு விற்று, மிஞ்சும் பணத்தில் வகுப்புக்குப் புத்தகம் வாங்குவதாகத் திட்டம்.

எனக்கு வரைய வராது. ஓவியர்கள் தங்கள் படங்களை விற்கும் ஒரு தளத்தில் பழங்கள், பறவைகள், விலங்குகள் என 40 படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை 18 டாலருக்கு வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் 'வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்றது' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நம்பி இரண்டு மாதம் வடிவமைத்தேன்.

அச்சகத்தோடு பேசிய இரவில்தான், படங்களோடு சேர்ந்து இறங்கியிருந்த ஒரு சிறிய எழுத்துக் கோப்பை முதன்முதலாகத் திறந்தேன். ஒன்றரைப் பக்கம்தான். வணிகப் பயன்பாடு உண்டு, ஆனால் 200 படிகள் வரை. படங்களை மின்கோப்பாகப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. நானோ பக்கத்துத் தீவான ரெயூனியனில் தமிழ் கற்பிக்கும் தோழிக்குப் பிடிஎஃப் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். இலச்சினையாகவோ வணிகச் சின்னமாகவோ பயன்படுத்தக் கூடாது. எங்கள் இளைஞர் குழு அதே தொகுப்பிலிருந்த மயிலைத் தன் சின்னமாக்கத் துடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடை நியாயமானது. ஒரே படத்தை நூறு பேருக்கு விற்கும் ஓவியர், அதை ஒருவருக்கு மட்டும் சொந்தமான சின்னமாக்க எப்படி அனுமதிப்பார்?

என்னை நீண்ட நேரம் உட்கார வைத்தது நான்காவது நிபந்தனை. விற்கும் பொருளின் முக்கிய மதிப்பு அந்தப் படமாகவே இருக்கக் கூடாது என்றது அது. ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு படம், மூலையில் எழுத்து. படத்தை எடுத்துவிட்டால் இதை யாராவது 250 ரூபாய் கொடுத்து வாங்குவார்களா? மாட்டார்கள். எழுபது பக்கப் பாடநூலில் ஓரமாக வரும் படம் என்றால் கதை வேறு. சட்டையில், கோப்பையில், சுவரொட்டியில், அட்டையில் படம்தான் சரக்கு. பெரிய படத் தளங்களிலும் இதே பிரிவினை உண்டு. அடோபி ஸ்டாக்கின் சாதாரண உரிமத்தில் 5,00,000 படிகள் வரை அச்சிடலாம். ஆனால் படத்துக்காகவே வாங்கப்படும் பொருளை விற்பதென்றால் நீட்டித்த உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை படிகள் என்பது ஒரு கேள்வி, என்ன பொருள் என்பது வேறு கேள்வி. 'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்றுதான் அதற்குப் பொருள். இலவசம் என்றோ வரம்பில்லை என்றோ பொருளில்லை.

"கோயில் காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார் நிர்வாகக் குழுவில் ஒருவர். இந்தப் பேச்சு எனக்கு வலித்தது. ஓவியரின் உழைப்பை எடுத்துக்கொள்ளக் கோயிலின் பெயர் ஒரு காரணமாகக் கூடாது. மேலும் அது தவறான எண்ணமும்கூட. படைப்பைப் பிறர் பயன்படுத்தலாம் என்று படைப்பாளிகளே முன்கூட்டி அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துபவைகூட, பயன்படுத்துபவர் யார் என்று பார்ப்பதில்லை. பயன்பாடு எத்தகையது என்றே பார்க்கின்றன. விலை வைத்து விற்றுவிட்டு, லாபம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது என்று சொல்வது அங்கே போதாது.

அந்த ஓவியருக்கு எழுதினேன். என்ன பொருள், எத்தனை பெட்டி, என்ன விலை, எந்த நாட்டில் விற்பனை, மின்கோப்பாக யாருக்குப் போகும் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. மேலும் 65 டாலர் கட்டினால் 2,000 பெட்டிகள் வரை அச்சிடலாம். படங்களைத் தனியே பிரித்தெடுக்க முடியாதபடி பிடிஎஃப் செய்து ஆசிரியர்களுக்குத் தரலாம். பெட்டியில் தன் பெயர் இருக்க வேண்டும். அந்த மடலையும் ரசீதையும் அன்றைய தேதியில் இருந்த உரிம வாசகத்தையும் ஒரே கோப்புறையில் சேமித்தேன். தளங்கள் நிபந்தனைகளை மாற்றுவதுண்டு. நான் வாங்கிய நாளில் என்ன இருந்தது என்பதற்கு என்னிடம்தான் சான்று இருக்க வேண்டும்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். சந்தேகம் ஒருமுறை நுழைந்தால் சும்மா இருக்க விடாது. 40 படங்களையும் ஒவ்வொன்றாக இணையப் படத்தேடலில் போட்டு, வேறெங்காவது இருக்கின்றனவா என்று பார்த்தேன். முப்பத்தொன்பது சரி. மயில் மட்டும் வேறொரு ஓவியரின் பக்கத்தில், பல ஆண்டுகள் முந்தைய தேதியோடு, இறகுக்கு இறகு அப்படியே இருந்தது. தொகுப்பை விற்றவருக்கு எழுதினேன். இந்த முறை பதில் இல்லை. தளத்துக்கு எழுதினேன், அந்தப் படத்தை நீக்கிவிட்டு, ஒரு தொகையைத் திருப்பித் தந்தார்கள். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது. நான் தெரியாமல் வாங்கினேன் என்பதால் அது எனக்குச் சொந்தமாகிவிடாது. மயிலை உண்மையில் வரைந்தவரைக் கண்டுபிடித்து அனுமதி கேட்டேன். தன் படத்தை விற்பனைப் பொருள்களுக்குத் தருவதில்லை என்று மறுத்துவிட்டார். வருத்தமாக இருந்தது, ஆனால் மறுப்பதும் அவருடைய உரிமை.

எழுத்துருவிலும் இதே சிக்கல் காத்திருந்தது. நான் ஆசையாகத் தேர்ந்த அலங்கார எழுத்துரு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமானது. அதை விட்டுவிட்டுப் பலூ தம்பி என்ற எழுத்துருவுக்கு மாறினேன். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானது அது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாதே தவிர, அதைக் கொண்டு அச்சிட்டதை விற்கலாம். உருண்டையான எழுத்து, பிள்ளைகளுக்கும் பிடித்தது.

மயிலின் இடத்துக்கு ஒரு படத்தையும், டோடோ போலத் தொகுப்பில் கிடைக்காத சிலவற்றையும் என் பழைய மாணவி வரைந்து தந்தாள். ஓவியம் படிக்கும் பெண். "நம்ம பிள்ளைதானே, எதற்குப் பத்திரம்?" என்று அவள் அம்மா கேட்டார். நம் பிள்ளை என்பதால்தான் எழுதுவோம் என்றேன். ஒரு படைப்பு பாதுகாப்புப் பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படை அது. மொரீஷியஸ் 1989 முதல் அதில் இருக்கிறது. அவள் வரைந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எனக்கு அதில் எவ்வளவு என்பதைத் தாளில்தான் வகுக்க முடியும். பதிப்புரிமை அவளுக்கே, அட்டையிலும் பிடிஎஃபிலும் பயன்படுத்தும் அனுமதி எனக்கு, கூலி இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். இளைஞர் குழுவின் சின்னத்துக்குத் தனிக் கூலி, தனித் தாள்; அதை மட்டும் முழு உரிமையோடு எழுதிக் கொடுத்தாள்.

ம-வுக்கு அவள் மயில் வரையவில்லை. கோர் தெ கார்த் மலையையும் அதன் சரிவில் முருகன் கோயிலையும் வரைந்து, ம என்றால் மலை என்றாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பெட்டிகள் வந்தன. அடிப்பக்கத்தில் இரண்டு ஓவியர்களின் பெயரும் எழுத்துருவின் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. வகுப்பில் முதல் பெட்டியைப் பிரித்தபோது, ஒரு சிறுவன் அட்டைகளை விட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, அந்த அக்காவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.