விமானத்தை விற்றார்கள், ஆளை அனுப்பவில்லை

2019ல் டல்லாஸில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, லவ் ஃபீல்ட் விமான நிலையத்தில் ஹூஸ்டன் போகும் விமானத்துக்காகக் காத்திருந்தேன். சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க கம்பெனியின் விமானம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் வந்து நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போடும்போதே பெட்டி இறக்கும் பெல்ட் வண்டி ஒட்டி வந்துவிட்டது, இன்னொரு பக்கம் எண்ணெய்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்கள், கடைசிப் பயணி இறங்குவதற்குள் பணிப்பெண் ஒருவர் பின் வரிசையிலிருந்து குப்பையைப் பொறுக்கிக்கொண்டே சீட் பெல்ட்டுகளைக் குறுக்காகப் போட்டபடி முன்னால் வந்தார். பைலட் சட்டை போட்ட ஒருவர் ஒரு குழந்தையின் தள்ளுவண்டியை மடித்துத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். யாரும் யாரையும் அதட்டவில்லை, யாரும் ஓடவும் இல்லை.

நான் பல வருடம் லாரி ஆபீஸில் வேலை பார்த்தவன். வண்டி ஓடினால் காசு, நின்றால் நஷ்டம் என்பதுதான் அங்கே முதல் நாள் கற்றுக்கொண்டது. அதனால் அன்றைக்கு அந்தக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை, ஒரு பாடமாகத்தான் தெரிந்தது. ஊருக்கு வந்ததும் இந்தக் கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஆரம்பமே வழக்குதான். 1967ல் ரோலின் கிங் என்பவரும் ஹெர்ப் கெல்லஹர் என்ற வக்கீலும் டெக்சாஸ் மாநிலத்துக்குள்ளேயே டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று மூன்று ஊர்களுக்கு மலிவாக விமானம் விடலாம் என்று கிளம்பினார்கள். ஏற்கெனவே அந்த வழித்தடங்களில் பறந்துகொண்டிருந்த பிரானிஃப் போன்ற கம்பெனிகள் கோர்ட்டுக்கு இழுத்தன. முதல் விமானம் கிளம்பவே 1971 ஜூன் ஆகிவிட்டது. கையில் இருந்த பணமெல்லாம் வழக்கிலேயே கரைந்து, கெல்லஹர் கடைசியில் ஃபீஸ் வாங்காமல் வாதாடினார்.

அடுத்த வருடமே பணமுடை. நான்கு விமானங்கள் இருந்தன, சம்பளம் போடக் காசு இல்லை. ஆட்களைக் குறைப்பதா, விமானத்தை விற்பதா என்ற நிலை வந்தபோது ஒரு விமானத்தை விற்றார்கள். ஆனால் நான்கு விமானம் ஓட்டிய அதே அட்டவணையை மூன்றை வைத்து ஓட்ட வேண்டும். தரைப்பணிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பில் ஃப்ராங்க்ளின், விமானம் கேட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இருந்தால் முடியும் என்றார். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகளுக்கு அதைப் போல நாலைந்து மடங்கு நேரம் ஆகும். மேலே இருந்தவர்கள் அவர் பேச்சை நம்பினார்கள், கீழே இருந்தவர்கள் செய்து காட்டினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கம்பெனி உண்மையில் பிறந்தது அந்த இடத்தில்தான்.

1973ல் நடந்த கட்டணச் சண்டையும் எனக்குப் பிடித்த கதை. சவுத்வெஸ்ட் 26 டாலர் வாங்கிய டல்லாஸ்-ஹூஸ்டன் டிக்கெட்டை பிரானிஃப் 13 டாலருக்கு இறக்கியது. அதுதான் சவுத்வெஸ்டுக்கு லாபம் தந்த ஒரே தடம், அது போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், வேண்டுமானால் 13 கொடு, முழு 26 கொடுத்தால் ஒரு பாட்டில் நல்ல மது இலவசம் என்று அறிவித்தார்கள். குடிக்காதவருக்கு ஐஸ் வைக்கும் வாளி. ஆபீஸ் கணக்கில் பறந்தவர்களில் பெரும்பாலானோர் 26 டாலரைக் கொடுத்துவிட்டு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அந்த வருடம்தான் முதல் லாபம். அதிலிருந்து 2019 வரை 47 வருடம் ஒரு வருடம்கூட நஷ்டம் இல்லை. அமெரிக்க விமானத் தொழிலில் இப்படி ஒரு கணக்கை வேறு யாரும் காட்டியதில்லை.

சரி, இதை மற்றவர்கள் காப்பியடிக்கவில்லையா என்றால், அடித்தார்கள். ஒரே ரக போயிங் 737, அதனால் எந்த பைலட்டும் எதையும் ஓட்டலாம், உதிரி பாகமும் ஒரே வகை. சாப்பாடு கிடையாது, 2026 வரை சீட் நம்பரும் கிடையாது. இதெல்லாம் ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. கான்டினென்டல் என்ற கம்பெனி 1993ல் இதே பாணியில் ஒரு கிளை ஆரம்பித்து இரண்டே வருடத்தில் மூடியது. யுனைடெட், டெல்டா ஆரம்பித்தவையும் நிலைக்கவில்லை. விமானத்தையும் அட்டவணையையும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தள்ளுவண்டியைத் தூக்கி வந்த பைலட்டை எங்கே போய் வாங்குவது?

அங்கே ஊழியர்களில் பெரும்பாலானோர் யூனியனில் இருப்பவர்கள், சம்பளமும் குறைவில்லை. ஆரம்ப வருடங்களிலிருந்தே லாபத்தில் பங்கு. 1990ல் வளைகுடா நெருக்கடியால் எண்ணெய் விலை ஏறியபோது, ஊழியர்களே தங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எண்ணெய் வாங்கக் காசு கொடுத்தார்கள். கெல்லஹரிடம் வக்கீல் செயலாளராக இருந்த கொலீன் பாரெட் 2001ல் அதே கம்பெனியின் தலைவரானார். அந்த வருடம் செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் மற்ற பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பியபோது, இங்கே ஒருவரைக்கூட அனுப்பவில்லை.

அப்புறம் 2022 டிசம்பர். பனிப்புயலில் எல்லாக் கம்பெனிகளும்தான் தடுமாறின, ஆனால் மற்றவர்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். சவுத்வெஸ்டில் யார் எந்த ஊரில் மாட்டியிருக்கிறார்கள் என்றே ஆபீஸுக்குத் தெரியவில்லை. பைலட்டுகளும் பணிப்பெண்களும் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல மணிக்கணக்கில் போனில் காத்திருந்தார்கள். ஆட்களை விமானங்களுக்கு ஒதுக்கும் மென்பொருள் அத்தனை மாற்றத்தையும் தாங்கவில்லை. ஏறக்குறைய 16,700 விமானங்கள் ரத்து, இருபது லட்சம் பேருக்கு மேல் தவிப்பு, பின்னால் அரசு விதித்தது 14 கோடி டாலர் அபராதம்.

எனக்கு வலித்தது மென்பொருள் இல்லை. அது ஒருநாள் படுத்துவிடும் என்று பைலட் யூனியன் முன்பே பலமுறை எச்சரித்திருந்தது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வண்டிகளின் கணக்கைப் பார்க்கும் சாஃப்ட்வேர் தவறாகக் காட்டுகிறது என்று மூன்று மாதம் சொன்னேன், உன் வேலையைப் பார் என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்ட அன்றைக்கு ஒரு ஆள் உள்ளுக்குள் எப்படி ஒடுங்கிப்போவான் என்று எனக்குத் தெரியும். 1972ல் தரையில் நின்றவன் பத்து நிமிடம் என்றதும் காது கொடுத்த கம்பெனி, ஐம்பது வருடம் கழித்து விமானம் ஓட்டுகிறவன் கத்தியபோது கேட்கவில்லை. கம்பெனிக் கலாச்சாரம் என்று நான் நினைப்பது இந்தக் காது கொடுப்பதைத்தான். சவுத்வெஸ்டின் சின்னமான இதயப் படத்தைச் சுவரில் ஒட்டுவது அதற்கு ஈடாகாது.

2024ல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தது. 2025 பிப்ரவரியில் அலுவலக ஊழியர்கள் 1,750 பேரை அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். கம்பெனி வரலாற்றிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. மே மாதம் பெட்டிக்குக் கட்டணம் வந்தது. லாபம் வேண்டும் என்பதில் தப்பில்லை, கோவிட் காலத்துக்கு அப்புறம் செலவு ஏறியதும் உண்மைதான். ஆனால் பெட்டி இலவசமாக இருந்தது தர்மத்துக்கு இல்லை. இலவசம் என்றால் ஜனங்கள் பெட்டியை விமானத்தின் அடியில் ஏற்றக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுவார்கள், விமானம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் கிளம்பும். காசு என்றால் எல்லாப் பெட்டியும் இருக்கைக்கு மேலே திணிக்கப்படும், இடம் தீர்ந்ததும் நடைபாதையில் நெரிசல், அப்புறம் பணிப்பெண் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அக்கா இன்னும் டல்லாஸில்தான் இருக்கிறாள். அடுத்த முறை போகும்போது லவ் ஃபீல்டில் அதே கண்ணாடி ஓரம் நின்று, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை எண்ணப்போகிறேன்.