கடைசி நூல் மண்புழுவைப் பற்றியது

ஒரு பெரிய எழுத்தாளரின், இசைஞரின், சிந்தனையாளரின் இறுதிப் படைப்பு என்று சொல்லப்பட்டதும் நம்மில் பலருக்கும் ஓர் எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் சொல்ல நினைத்ததன் சாறு அதில் இறங்கியிருக்கும், சாவை அருகில் கண்டவருக்கு மட்டும் தெரிந்த உண்மை ஒன்று ஏதோ ஒரு வரியில் பதுங்கியிருக்கும் என்று நம்பி, அதே ஆசிரியரின் மற்ற நூல்களுக்குக் காட்டாத பயபக்தியோடு அதைத் திறக்கிறோம். எனக்கு இந்தப் பயபக்தியின்மேல் நெடுநாளாகவே சந்தேகம் உண்டு. நான் மிகவும் விரும்பும் இறுதிப் படைப்புகளில் விடைபெறும் தொனி அநேகமாக இருப்பதில்லை. அவற்றில் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

யோகான் செபாஸ்தியன் பாக்கின் 'ஃபியூகின் கலை' இந்த எதிர்பார்ப்புக்கு நன்றாகத் தீனி போட்ட படைப்பு. ஒரே மெட்டை எடுத்துக்கொண்டு, குரல்கள் ஒன்றையொன்று துரத்தும்படி விதவிதமாகக் கட்டிய அந்தத் தொகுதியின் கடைசிப் பகுதி பாதியில் அறுந்து நிற்கிறது. ஜெர்மானியக் குறியீட்டில் பி, ஏ, சி, எச் என்ற நான்கும் சுரங்களின் பெயர்கள் என்பதால், பாக் தன் பெயரையே ஒரு சிறு மெட்டாக்கி அந்தப் பகுதிக்குள் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெயர் புகுந்த இடத்தில் ஆசிரியர் இறந்துபோனார் என்று அவர் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் கையெழுத்துப் பிரதியில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். தன் பெயரை எழுதிய கையோடு உயிர் பிரிந்தது என்பது எவ்வளவு அழகான கதை! ஆனால் அந்தக் கையெழுத்தை ஆராய்ந்தவர்களில் பலர், 1750 ஜூலையில் அவர் இறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தத் தாள்கள் எழுதப்பட்டுவிட்டன என்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடந்த கண் அறுவைச் சிகிச்சைகள் பலனளிக்காமல் போனபின் அவருக்கு அப்படி எழுதும் பார்வையும் இருக்கவில்லை. ஏதோ ஒரு காரணத்தால் எடுத்து ஒதுக்கிவைத்திருக்கிறார். திரும்ப எடுக்க வாய்க்கவில்லை. கதையைவிட எனக்கு இதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த நூல் சார்லஸ் டார்வினுடையது. உயிரினங்களின் தோற்றத்தையும் மனிதனின் மூதாதையரையும் பற்றி எழுதி உலகைக் கலக்கியவர், தம் 72ஆம் வயதில், 1881 அக்டோபரில் வெளியிட்ட கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. மண்புழுக்கள் மேல்மண்ணை எப்படி உருவாக்குகின்றன, அவற்றின் பழக்கவழக்கங்கள் எவை என்பவையே அதன் முழுப் பொருள். கடவுளைப் பற்றியோ மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றியோ அதில் ஒரு பிரசங்கமும் கிடையாது. ஆறு மாதம் கழித்து, 1882 ஏப்ரல் 19 அன்று, அவர் இறந்தார்.

கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில் இருந்த தம் வீட்டில், மண் நிரப்பிய பூந்தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, இரவில் விளக்கோடு போய் அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவர் வழக்கமாக இருந்தது. புழுக்களுக்குக் காது கேட்குமா என்று தெரிந்துகொள்ள, அவற்றின் பக்கத்தில் உலோக விசில் ஊதப்பட்டது. பஸூன் என்ற பெரிய குழலின் ஆகக் கனத்த ஒலிகள் எழுப்பப்பட்டன. மூச்சுக்காற்று மேலே படாதபடி கவனமாகச் சத்தம் போடப்பட்டது. மேசைமேல் தொட்டிகளை வைத்து அருகில் பியானோ முடிந்தமட்டும் உரக்க வாசிக்கப்பட்டது. புழுக்கள் அசையவே இல்லை. பிறகு தொட்டிகளைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து ஒரு கனத்த சுரத்தைத் தட்டியதும், அவை சட்டென்று வளைக்குள் போய் ஒளிந்துகொண்டன. காற்றில் வரும் ஒலி அவற்றுக்கு ஒன்றுமில்லை, மரத்தின் வழியாக வரும் அதிர்வு எட்டுகிறது என்பது முடிவு. உலகப் புகழ் பெற்ற ஒரு முதியவர் புழுக்களுக்குக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார் என்று சிரிக்கத் தோன்றலாம்; சோதனையின் வரிசையைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். கேள்வியை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அடைத்து, ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைக்கிறார்.

அறிவைப் பற்றிய சோதனை இன்னும் நுட்பமானது. மண்புழுக்கள் வளையின் வாயை இலைகளை இழுத்து அடைக்கின்றன. இலையை எந்த முனையில் பிடித்தால் எளிதாக உள்ளே இழுக்கலாம் என்று அவற்றுக்குத் தெரியுமா? மெல்லிய நீண்ட முக்கோணங்களாகக் காகிதத்தை வெட்டி, ஈரத்தில் ஊறிப்போகாமல் இருக்கக் கொழுப்பைத் தடவி, தரையில் போட்டுவைத்தார். புழுக்கள் இழுத்துப்போன 303 முக்கோணங்களை எடுத்துப் பார்த்தபோது, 62 விழுக்காடு கூர்முனையால் இழுக்கப்பட்டிருந்தன, 15 விழுக்காடு நடுவில் பிடித்து, 23 விழுக்காடு அடிப்பக்கத்தால். இந்த எண்களை வைத்துக்கொண்டு அவர் புழுக்களுக்கு மிதமிஞ்சிய அறிவைக் கொடுத்துவிடவில்லை. வெறும் தற்செயல் என்று ஒதுக்கவும் இல்லை. ஓரளவு அறிவு உண்டு என்று சொல்லி, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்.

அந்தக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதுதான் எனக்கு வியப்பு. பீகிள் கப்பல் பயணத்திலிருந்து திரும்பிய மறு ஆண்டே, 1837 நவம்பரில், தம் மாமா ஜோசையா வெட்ஜ்வுட் காட்டிய வயல் ஒன்றைப் பார்த்துவிட்டு, லண்டன் நிலவியல் கழகத்தில் இதே பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். வயலில் எப்போதோ கொட்டிய சுண்ணாம்பும் கரித்துண்டும் ஆண்டுகள் செல்லச் செல்லப் புல்லுக்கடியில் புதைந்துகொண்டே போவதற்குப் புழுக்களே காரணம் என்பது அந்தக் கட்டுரை. 1842 டிசம்பரில் வீட்டருகே ஒரு நிலத்தில் உடைத்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871 நவம்பரில் அங்கே குழி வெட்டிப் பார்த்தபோது, வெள்ளைக் கோடு 7 அங்குல ஆழத்தில் இருந்தது. இடையில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து, சண்டைகள் நடந்து, பிள்ளைகள் பிறந்து, சிலர் இறந்தும் போயிருந்தார்கள். சுண்ணாம்பு மட்டும் அதன் பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலின் வழியாகச் சென்று மேலே வருகிறது என்பது அவர் கணிப்பு. இவ்வளவு சிறிய, பலவீனமான உயிர்களால் இது முடியாது என்று 1869இல் ஒருவர் மறுத்து எழுதியிருந்தார். அதற்கு டார்வின் தரும் பதில்தான் நூலின் முதுகெலும்பு: இடைவிடாமல் திரும்பத் திரும்ப நிகழும் ஒரு சிறிய காரணத்தின் விளைவைக் கூட்டிப் பார்க்க மனிதர்களால் முடிவதில்லை, முன்பு நிலவியலிலும் அண்மையில் பரிணாமக் கொள்கையிலும் அறிவு முன்னேறாமல் தடுத்தது இதே குறைதான் என்கிறார். தம் வாழ்நாளின் கருத்து முழுவதையும் அந்த ஓரிடத்தில் ஒரு புழுவின் பேரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நூலின் கடைசி வாக்கியமும் அப்படியே. புழுக்களைவிடத் தாழ்ந்த அமைப்புள்ள பவளங்கள் கடல்களில் இன்னும் கண்ணுக்குத் தெரியும்படியான வேலையைச் செய்திருக்கின்றன, ஆனால் அவை ஏறக்குறைய வெப்ப மண்டலங்களோடு நின்றுவிடுகின்றன என்று முடிக்கிறார். பவளத் திட்டுகள் 1842இல் அவர் எழுதிய நூலின் பொருள். அந்த நூலை நினைவூட்டி நெகிழவைக்கும் வாய்ப்பு கையிலிருந்தும், ஒரு புவியியல் வரையறையைச் சேர்த்துப் பேனாவை வைத்துவிட்டார். இதைவிட நல்ல கடைசி வாக்கியம் எனக்குத் தெரியாது.

உண்மையில் அச்சில் வந்த அவருடைய கடைசி எழுத்துகளை எண்ணினால், புழுவுக்கும் அப்பால் போகவேண்டும். இறப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, 1882 ஏப்ரல் 6 அன்று, 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். நன்னீர்ச் சிப்பிகள் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு எப்படிப் போகின்றன என்ற கேள்விக்கு, ஒரு நீர்வண்டின் காலைக் கவ்விக்கொண்டிருந்த சிப்பி சான்றாகக் கிடைத்திருந்தது. அந்த வண்டை அவருக்கு அனுப்பியவர் நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த வால்டர் ட்ரா‌பிரிட்ஜ் கிரிக். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கின் தாத்தா அவர். இப்படியொரு தற்செயலைக் கதாசிரியன் கற்பனை செய்திருந்தால் நம்பமாட்டோம்.

தமிழில் இந்தப் புழுவுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. டார்வினின் நூல் வெளிவந்து பத்தாண்டுகளில், 1891இல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை தம் 'மனோன்மணீயம்' நாடகத்தில் நடராசன் என்ற பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவோடு பேசவிடுகிறார். "உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ" என்று புகழ்ந்து, எந்த மண்ணானாலும் உழுது உண்டு நல்ல மண்ணாக்கி வெளியே கொண்டுவந்துவிட்டு, புகழ் வேண்டாதவர்போலக் குழியை மூடிக்கொள்கிறாய் என்கிறான் அவன். டார்வினைப் படித்துவிட்டு எழுதினாரா, சொந்த வயலைப் பார்த்து எழுதினாரா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. புழு செய்யும் வேலையைப் பற்றிய விவரம் இரண்டிலும் ஒன்றே.

தெரிந்தே விடைபெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமை மட்டும் நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்வேன். வயிற்று நோய் தீராது என்று தெரிந்தபின் 1776 ஏப்ரலில் சில பக்கங்களில் தம் வாழ்க்கையை எழுதி, தன்னைப் பற்றி 'இருக்கிறேன்' என்று தொடங்கிவிட்டு, இனி 'இருந்தேன்' என்று எழுதுவதே முறை என்று தானே திருத்திக்கொள்கிறார். ஆகஸ்டில் காலமானார். அந்த விடைபெறல் எடுபடுவதற்குக் காரணம் அது குறுகியது, சிரிக்கவும் செய்கிறது.

நம் பக்கத்தில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இதற்கு நேர் எதிர். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் அது தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு 85 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. நாள் குறைவு என்று எண்ணியிருந்தால் சங்க நூல்களைப் பதிப்பித்த கதைக்கு நேராக ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. உத்தமதானபுரத்தையும், தந்தையாரின் சங்கீதத்தையும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களையும், திருவாவடுதுறை மடத்துச் சாப்பாட்டையும், வாரவாரம் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொண்டு எழுதினார். கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், படித்ததெல்லாம் சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கும் இடம் வரும்போது நூலில் பாதிக்கு மேல் கடந்துவிடுகிறது. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது 1942 ஏப்ரல் 28 அன்று அவர் காலமானார். சரித்திரம் 1890களின் இறுதியோடு நின்றுவிட்டது. அதன்பின் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை அவர் சொல்லவே இல்லை, மாணவர் கி.வா. ஜகந்நாதன் பிறகு தம் வழியில் அவற்றை எழுதினார். நூல் முழுமை பெறவில்லை என்று வருந்துகிறவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரப்பட்டு முடித்த ஒரு முழு நூலுக்காக மகாவித்துவானைப் பற்றிய அத்தியாயங்களில் ஒன்றைக்கூட நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இராமானுஜனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1919 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பியவர், 1920 ஜனவரி 12 அன்று சென்னையிலிருந்து, இங்கிலாந்தில் தம்மோடு பணியாற்றிய கணிதர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். இதுவரை ஒரு கடிதமும் எழுதாததற்கு மிக வருந்துகிறேன் என்று தொடங்கி, அண்மையில் மிகச் சுவையான சார்புகள் சிலவற்றைக் கண்டிருக்கிறேன், அவற்றை 'மாக்' (போலி) தீட்டா சார்புகள் என்கிறேன் என்று விஷயத்துக்கு வருகிறார். தீட்டா சார்புகளைப் போலவே நடந்துகொண்டு, ஆனால் தீட்டா சார்புகளாக இல்லாதவை அவை. மூன்று வகைகளில் 17 உதாரணங்களைக் கொடுத்தார். தெளிவான ஒரு பொது வரையறையைக் கொடுக்கவில்லை. ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சேத்துப்பட்டில் இறந்தார். படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை மனைவி ஜானகி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கணக்குகளை எழுதிவைத்த தாள்களின் பயணம் தனிக் கதை. சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பிவைத்தது; அவரிடமிருந்து ஒரு கட்டு ஜி.என். வாட்சன் என்ற கணிதரிடம் போனது. 1935இல் லண்டன் கணிதக் கழகத்தில் மாக் தீட்டா சார்புகளைப் பற்றி உரையாற்றிய அந்த வாட்சன், துப்பறியும் கதைகளில் வரும் டாக்டர் வாட்சனோடு தமக்கிருந்த பெயர்ப் பொருத்தத்தை விட்டுவிட மனமில்லாமல், உரையின் தலைப்பை ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1965இல் அவர் இறந்தபின் விட்டேக்கர் என்ற கணிதர் அவர் வீட்டுக்குப் போனபோது, படிப்பறைத் தரையெங்கும் ஓர் அடி உயரத்துக்குத் தாள்கள் தாறுமாறாகக் கிடந்தன. இன்னும் சில நாட்களில் எரிப்பதாக இருந்தார்கள். கைவிட்டுத் துழாவியதில் இராமானுஜனின் தாள்கள் அகப்பட்டன. 1968இல் அவை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே பார்த்து அவை என்னவென்று கண்டுகொண்டார். மாக் தீட்டா சார்புகள் உண்மையில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது 2002இல் நெதர்லாந்தின் ஸ்வெகர்ஸ் எழுதிய ஆய்வேட்டில்தான் விளங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன, விளக்கச் சொற்கள் மிகக் குறைவு, நிரூபணங்கள் இல்லை. ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்டும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிரூபித்து எழுதிய ஐந்து தொகுதிகளில் முதலாவது 2005இலும் கடைசியானது 2018இலும் வெளிவந்தன.